லீ-என்பீல்டா, மௌசரா? வெம்பிளியிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

வெம்பிளியில் குடியிருக்கும் எம்மவர்களுக்குச் சனி, ஞாயிறு வந்தால் போகுமிடம் தெரியும். காலையில் ஈலிங் றோட்டில் மரக்கறியும் மீனும், பிறகு ஈழபதீஸ்வரர் ஆலயம், பின்னேரம் யாராவது வீட்டில் பிறந்தநாள் அல்லது சாமத்தியவீடு. விளையாட்டரங்கின் வளைவு எங்கள் யன்னல்களிலிருந்தே தெரிவதால் லண்டன் முழுவதையும் பார்த்துவிட்டதாக ஒரு நினைப்பு. புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் பிள்ளைகளுடன் அரை நாளில் போய்வரக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். இடத்தின் பெயர் என்பீல்ட் லொக். பார்க்கப் போவது ஒரு பழைய துவக்குத் தொழிற்சாலை.

துவக்குச் சத்தம் வேண்டாமென்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் மனைவியும், "ஏனப்பா, பிள்ளையளுக்குக் காட்ட வேற இடம் கிடைக்கேல்லையே?" என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. காரணத்தைச் சொல்கிறேன்.

தேநீர் நேரத்துக் கேள்வி

நான் பார்க் றோயலில் ஒரு சிறிய உலோகத் தொழிற்சாலையில் மெசின் ஓட்டுபவன். ஓ.எல். உடன் படிப்பு நின்றது. ஆனாலும் ஓர் இரும்புச் சாமானைக் கண்டால் அதை எப்படிச் செய்தார்கள் என்று திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டேன். என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், ஓய்வு வயதை நெருங்குபவர், லீவு நாட்களில் நாட்டுப்புறத்துக்கு மான் சுடப் போவார். இங்கே அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இந்த நாட்டில் ஓநாயும் லிங்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. மானைப் பிடித்துத் தின்ன எதுவுமில்லை. ஏறத்தாழ 20 இலட்சம் மான்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நட்ட மரக்கன்றுகளை எல்லாம் அவை கடித்துவிடுவதால் காட்டுக்காரரும் கமக்காரரும் அனுமதி பெற்றவர்களை அழைத்துச் சுடுவிக்கிறார்கள்.

அவர் தன் பழைய துவக்கை விற்றுவிட்டு வேறொன்று வாங்க வேண்டியிருந்தது. பார்த்து வைத்தவை இரண்டு. இரண்டும் கைமாறி வந்தவை. இரண்டிலும் பேர்மிங்ஹாமிலிருந்த பார்க்கர்-ஹேல் கொம்பனியின் பெயர். ஒன்று, பழைய இராணுவ லீ-என்பீல்டின் மரத்தைக் குறைத்து வேட்டைக்கு ஏற்றதாக மாற்றியது. மற்றது, ஸ்பெயினில் செய்த மௌசர் வகைப் பூட்டின் மேல் கட்டியது. ஒரே கொம்பனி இரண்டையும் விற்றிருக்கிறது. "நீ மெசின்காரன், எது நல்லதென்று சொல்லு" என்று தேநீர் நேரத்தில் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை என்பீல்டுக்குக் கூட்டிப்போனது.

இரண்டும் "போல்ற் அக்சன்" எனப்படும் வகை. ஊர் வீட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்குவோம் அல்லவா? அதேதான். இழுக்கும்போது வெடித்த தோட்டாவின் வெறுங்கோது வெளியே விழும். தள்ளும்போது அடுத்தது உள்ளே போகும். மடக்கும்போது பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இதைச் செய்தாக வேண்டும். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

போகும் வழி

வெம்பிளி பார்க்கில் மெற்றோபொலிற்றன் ரயில் எடுத்து கிங்ஸ் குறொஸில் இறங்கி, விக்ரோறியா லைனில் ரொற்றன்ஹாம் ஹேல் போங்கள். அங்கிருந்து மேலே ஓடும் ரயில் என்பீல்ட் லொக்கில் நிற்கும். ஆறாவது வலயம், ஒயிஸ்ரர் அட்டை செல்லும். ஸ்ரேசனிலிருந்து ஓர்ட்னன்ஸ் றோட் வழியே கிழக்கே நடந்தால் லீ ஆற்றுக் கால்வாய் வரும். படகுகள் ஏறி இறங்கும் மதகு, கரையோரம் பழைய தொழிலாளர் வீடுகள், தண்ணீரில் அன்னங்கள். கால்வாயைத் தாண்டினால் என்பீல்ட் ஐலன்ட் வில்லேஜ்.

இப்போது அது குடியிருப்புக் கிராமம். செங்கல் வீடுகள், கார்கள், சைக்கிள் ஓடும் பிள்ளைகள். நடுவே மணிக்கூட்டுக் கோபுரத்தோடு ஒரு நீண்ட பழைய கட்டடம். 1816 முதல் 1988 வரை இந்த இடம் முழுவதும் அரச துவக்குத் தொழிற்சாலையாக இருந்தது. தெருப் பெயர்களைப் பார்த்தால் தெரியும்: மார்ட்டினி டிறைவ், மெற்போட் கிறெசன்ற். எல்லாம் துவக்கோடு வந்த பெயர்கள்.

அந்த நீண்ட கட்டடத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1850களில் அமெரிக்காவிலிருந்து மெசின்களைத் தருவித்து இங்கே பூட்டினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு துவக்கின் உறுப்பையும் ஒரு கைவினைஞர் அரம் போட்டு இராவிப் பொருத்துவார். ஒன்றின் ஆணி மற்றதற்குச் சேராது. மெசின் வந்த பின் எந்த உறுப்பும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்ற நிலை வந்தது. இன்று எங்கள் தொழிற்சாலையில் கேஜ் வைத்து அளந்து பெட்டியில் போடுகிறோமே, அந்த வேலைமுறை இங்கிலாந்தில் வேர்பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் ஓடும் றோயல் என்பீல்ட் மோட்டார் சைக்கிளின் பெயரும் இங்கிருந்துதான் போனது. றெடிச் நகரத்துச் சைக்கிள் கொம்பனி ஒன்று இந்தத் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் பெயரை எடுத்துக்கொண்டது. 1950களின் நடுவில் சென்னை திருவொற்றியூரில் அந்த மோட்டார் சைக்கிளைக் கட்டத் தொடங்கினார்கள்.

இரண்டு பூட்டுகள்

லீ-என்பீல்ட் என்ற பெயரில் லீ என்பது ஆற்றின் பெயரல்ல. ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பெயர். பூட்டு அவருடையது. குழலின் உள்வரி என்பீல்ட் தொழிற்சாலையினுடையது. 1895 இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்டது. எங்கள் பெரியவர்கள் "திறீ நோட் திறீ" என்று சொன்னது இதைத்தான். இலங்கைப் பொலிஸ்காரரின் தோளில் நெடுங்காலம் தொங்கியது. எல்லா நாடுகளிலும் செய்ததைச் சேர்த்தால் ஒரு கோடியே 70 இலட்சம் வரும் என்கிறார்கள். இந்தியாவில் உத்தரப் பிரதேசப் பொலிஸார் 2020 ஜனவரியில்தான் இதற்கு விடை கொடுத்தார்கள்.

மௌசர் ஜேர்மனியின் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஒபேர்ண்டோர்வ் ஊரைச் சேர்ந்தது. துவக்குத் தொழிலாளி ஒருவரின் 13 பிள்ளைகளில் கடைசியான போல் மௌசர் அதைச் செய்தார். 1898 இல் ஜேர்மன் இராணுவம் ஏற்ற பூட்டுத்தான் அதன் முழுமையான வடிவம்.

இனி வித்தியாசத்தைப் பார்ப்போம். தோட்டா வெடிக்கும்போது போல்ற்றைப் பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்க இரும்புப் புடைப்புகள் உண்டு. மௌசரில் அவை போல்ற்றின் முன்முனையில், தோட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை உடைந்தாலும் சுடுபவரின் முகத்தைக் காக்கப் பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. லீயில் புடைப்புகள் பின்பக்கத்தில். ஆகவே வெடிக்கும் கணத்தில் போல்ற் முழுவதும் மெல்லிதாக அமுங்கி மீளும். மிக வலுவான தோட்டாக்களுக்கு மௌசரையே தெரிவதற்கு இது ஒரு காரணம்.

லீக்கும் சிறப்பு இருக்கிறது. பிடியை 60 பாகை தூக்கினால் போதும். மௌசருக்கு 90 பாகை வேண்டும். லீயின் பிடி விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், இழுக்கும் தூரமும் குறைவு. ரவைக்கூட்டில் 10 தோட்டா. மௌசரில் 5. சேற்றிலும் மணலிலும் லீ இலகுவில் இறுகாது. நாலாம் இலக்க லீ-என்பீல்டில் போல்ற்றின் தலை கழற்றக்கூடியது. 0, 1, 2, 3 என நான்கு அளவுகளில் தலை உண்டு. தேய்ந்தால் அடுத்த இலக்கத்தைப் பூட்டி இடைவெளியைச் சரிசெய்யலாம். மெசின்காரன் என்ற முறையில் இந்த யோசனையை நான் மிகவும் ரசித்தேன்.

மௌசரின் பெரிய சிறப்பு அதன் நகம். தோட்டா ரவைக்கூட்டை விட்டுக் கிளம்பியவுடனேயே அகலமான கொளுக்கி ஒன்று அதன் அடியைக் கவ்விக்கொள்ளும். உள்ளே தள்ளும்போதும் விடாது, வெளியே இழுக்கும்போதும் விடாது. துவக்கைச் சரித்துப் பிடித்தாலும் தோட்டா விழாது. யானைக்கும் புலிக்கும் முன்னால் நிற்பவனுக்கு இது உயிர்.

யார் எதைத் தெரிந்தார்கள்

1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. போயர் கமக்காரர்களின் கையில் மௌசர். ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டில் கோர்த்து ஒரே தள்ளில் நிரப்பினார்கள். பிரிட்டிஷ் படையினர் ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். அந்தப் பாடம் படித்த பின்தான் 1903 இல் வந்த குறுகிய லீ-என்பீல்டில் தகட்டால் நிரப்பும் வசதி சேர்ந்தது.

இந்தக் கதையில் எங்கள் தீவும் வருகிறது. 1900 இலிருந்து பிடிபட்ட போயர்களில் ஏறக்குறைய 5,000 பேரைக் கப்பலேற்றி இலங்கையின் தியத்தலாவையில் அடைத்து வைத்தார்கள். யுத்தம் முடிந்தும் முடிக்கு விசுவாசம் தெரிவித்துச் சத்தியம் செய்ய மறுத்த எங்கெல்பிறெக்ற் என்பவர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினார். பின்னர் யால வனத்தின் முதல் காவலராக நியமிக்கப்பட்டார். மௌசரோடு சண்டை பிடித்த இனத்தவர் ஒருவர், எங்கள் நாட்டில் மிருகங்களை வேட்டைக்காரரிடமிருந்து காக்கும் வேலையைப் பார்த்திருக்கிறார்.

லண்டன்காரரின் தெரிவு இன்னும் சுவையானது. 1887 முதல் 1894 வரை என்பீல்ட் தொழிற்சாலைக்குத் தலைவராக இருந்தவர் ஜோன் றிக்பி. 303 துவக்கு உருவான காலம் அது. அவருடைய சொந்தக் கடையோ 1890களின் இறுதியில் வேட்டைக்காரருக்கு ஜேர்மன் மௌசரை வாங்கி அழகாக்கி விற்கத் தொடங்கியது. 1907 இல் இந்தியாவின் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கோர்பெற்றுக்கு அரசு பரிசாகக் கொடுத்தது றிக்பியின் மௌசர்தான். வெம்பிளியிலிருந்து யூஸ்ரன் போகும் 18 ஆம் இலக்க பஸ்ஸில் நீங்கள் கென்சல் கிறீனைக் கடந்திருப்பீர்கள். அந்த ஹரோ றோட்டில்தான் 1898 இல் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் கொம்பனி தன் துவக்குப் பட்டறையைக் கட்டியது. அவர்களும் பெரிய மிருக வேட்டைக்குப் போல்ற் துவக்கு செய்தபோது மௌசர் பூட்டையே எடுத்தார்கள். அமெரிக்க இராணுவம்கூடத் தன் 1903 ஆம் ஆண்டுத் துவக்குக்காக மௌசருக்குக் காசு கட்ட வேண்டி வந்தது.

ஆக, பிரிட்டிஷ் சிப்பாய் லீயை நேசித்தான், வேட்டைக்காரன் மௌசரைத் தெரிந்தான். சிப்பாய்க்கு நிமிடத்துக்கு எத்தனை வெடி என்பதே கணக்கு. 1914 இல் பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் படையினன் நிமிடத்துக்கு 15 குறிபார்த்த வெடி வைப்பான். வேட்டைக்காரனுக்கு முதல் வெடி மட்டுமே கணக்கு. இதில் விதிவிலக்கும் உண்டு. கனடாவின் வடதுருவப் பக்கம் காவல் செய்யும் றேஞ்சர் படையினர் பனியிலும் குளிரிலும் இறுகாத லீ-என்பீல்டைத்தான் 70 வருடங்களாக வைத்திருந்தார்கள். அண்மையில்தான் மாற்றினார்கள்.

பேப்பர் கேட்கும் கேள்வி

இதையெல்லாம் அடுத்த கிழமை என் வேலைத்தோழரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் கடைக்குப் போவதற்கு முன்னால் பொலிஸ் என்னிடம் ஒரு கேள்வி கேட்கும், எதற்கு என்று. அதற்குப் பதில் இல்லாவிட்டால் லீயும் இல்லை, மௌசரும் இல்லை" என்றார்.

புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் றைபிள் வைத்திருக்கப் பொலிஸாரிடம் அத்தாட்சிப் பத்திரம் பெற வேண்டும். 1920 இலிருந்து இந்த முறை இருக்கிறது. இப்போதைய அடிப்படைச் சட்டம் 1968 ஆம் ஆண்டினது. தகுந்த காரணம் காட்ட வேண்டும், உங்களை அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும், வைத்தியரின் அறிக்கை வேண்டும், வீட்டுக்கு வந்து பூட்டுள்ள இரும்பலுமாரியைப் பார்ப்பார்கள். எந்த அளவுத் துவக்கு, எத்தனை தோட்டா என்பதுவரை பத்திரத்தில் எழுதப்படும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மானுக்கு எந்தத் தோட்டா போதும் என்பதையும் 1991 ஆம் ஆண்டு மான் சட்டம் சொல்கிறது. குறைந்த வலுவுள்ளதால் சுட்டு, மான் காயத்தோடு ஓடி நாட்கணக்கில் சாகக்கூடாது என்பதே நோக்கம்.

1987 இல் ஹங்கர்போர்டில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். மறு வருடச் சட்டம், விசையை இழுக்க இழுக்கத் தானாக அடுத்த தோட்டா ஏறும் றைபிள்களை, மிகச் சிறிய ரகம் தவிர, தடை செய்தது. 1996 மார்ச் 13 இல் டன்பிளேன் பாடசாலையில் 16 சிறுவர்களும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1997 இல் கைத்துப்பாக்கிகளும் தடையாயின. போல்ற் துவக்கு மிஞ்சியது. தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கும் அந்த நேரம் சுடுபவனுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மனிதன் புதிதாக முடிவெடுக்க வேண்டும்.

"உன் ஊரில் என்ன துவக்கு?" என்று அவர் கேட்டார். வன்னியில் எங்கள் அப்பப்பா காலத்தில் வயல் காக்க இடியன் துவக்கும், வசதியானவரிடம் கச்சேரி லைசென்சோடு தோட்டாத் துவக்கும் இருந்தன என்றேன். பிறகு கட்டுத்துவக்கைப் பற்றிச் சொன்னேன். பன்றி வரும் பாதையில் துவக்கை மரத்தில் கட்டி, விசைக்குக் கம்பி இழுத்து விட்டுவிட்டு வீட்டில் படுப்பார்கள். கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றிக்கு வைத்தது யானைக்குட்டியின் காலிலும் படும், விறகுக்குப் போன மனிதரின் முழங்காலிலும் படும். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் அதைச் சுட்டது யார்?" என்று கேட்டார். என்னால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. சுட்டவன் அங்கே இல்லை. இந்த நாட்டுப் பத்திரமும் சட்டமும் சுற்றிச் சுற்றி வருவது அந்த ஒரு விடயத்தைத்தான். வெடிக்கு ஒரு சொந்தக்காரன் இருக்க வேண்டும்.

கடைசியில் அவர் மௌசரை எடுத்தார். தொலைநோக்கிக் கண்ணாடி பூட்ட அது வசதி, மரமும் ஒரே துண்டு என்றார். "பத்துத் தோட்டா எனக்கு எதற்கு? முதலாவது சரியாகப் படாது என்று தோன்றினால் நான் சுடுவதேயில்லை." எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பூட்டு வேலையின் அழகுக்கு நான் இன்னும் லீயின் பக்கம்தான், அது வேறு கதை.

போகும்முன் சில வார்த்தைகள்

எம்மவர் வீடுகளில் நகைத் திருட்டு நடந்தால், "வீட்டில ஒரு துவக்கு இருந்திருக்க வேணும்" என்று யாராவது சொல்வது வழக்கம். தற்காப்பு என்பதை இந்த நாட்டுப் பொலிஸார் துவக்குக்குத் தகுந்த காரணமாக ஏற்பதில்லை. அந்த எண்ணத்தை விட்டுவிட்டு நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு உண்மைத் துவக்குப் போன்ற விளையாட்டுத் துவக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். தகுந்த காரணமின்றிப் போலித் துவக்கை வெளியில் கொண்டு திரிவதே குற்றம். யாராவது பார்த்து அறிவித்தால் ஆயுதப் பொலிஸார் வருவார்கள். அவர்களுக்குத் தூரத்திலிருந்து பிளாஸ்ரிக்கா இரும்பா என்று தெரியாது. காற்றுத் துவக்கும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கப்படாது.

றிச்மண்ட் பார்க்கில் மானைக் கண்டவுடன் எங்கள் ஆட்கள் சிலர் மனதுக்குள் பங்கு பிரித்துக் கறிச்சட்டி வைத்துவிடுகிறார்கள். அவை அரசருக்குரிய பூங்கா மான்கள். பார்த்துவிட்டு வாருங்கள். மான் இறைச்சி வேண்டுமென்றால் கடையில் முறைப்படி கிடைக்கும். மிளகு கூடப் போட்டுப் பிரட்டினால் மரை இறைச்சியின் ருசி கொஞ்சம் வரும்.

என்பீல்டில் துவக்குகளைக் காண முடியாது. அவற்றைப் பார்க்க விரும்பினால் வெம்பிளி சென்ற்றலில் பேக்கர்லூ ரயில் ஏறி நேரே லம்பெத் நோர்த்தில் இறங்குங்கள். பக்கத்தில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். என்பீல்டுக்கு நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். கால்வாயோரம் இருந்து சாப்பிடலாம். 172 வருடங்கள் துவக்குச் செய்த நிலத்தில் இன்று பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்கட்டும்.